லிஸ்ட் போடுவது எப்படி? அம்மாவின் மளிகைச் சீட்டைப் பாருங்கள்!



செமஸ்டர் நெருங்க நெருங்க நம் வகுப்பில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். யார் நோட்டை வாங்கிப் புரட்டினாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு லிஸ்ட் இருக்கும். மேலே பிள்ளையார் சுழி, கீழே நம்பர் போட்டுப் பத்துப் பன்னிரண்டு வேலைகள். 'காஸ்டிங் முடிக்கணும்', 'கார்ப்பரேட் அக்கவுண்டிங் படிக்கணும்', 'இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணணும்', 'தினமும் ஓடணும்' என்று ஓடும். சிலர் கலர் பேனாவில் அடிக்கோடு கூடப் போட்டிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து அதே நோட்டைப் பார்த்தால் பிள்ளையார் சுழி மட்டும்தான் முடிந்திருக்கும் :)

இதைப் பார்த்துவிட்டு 'லிஸ்ட் எல்லாம் வேஸ்ட் மச்சி, செய்யறவன் லிஸ்ட் இல்லாமலே செய்வான்' என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கம். 'லிஸ்ட் போட்டால் வாழ்க்கையே மாறிவிடும்' என்று மேடையில் முழங்கும் மோட்டிவேஷன் பேச்சாளர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேர் சொல்வதும் தவறு என்பது என் கருத்து. லிஸ்ட் என்பது ஆசைகளை எழுதும் தாள் அல்ல. அது ஒரு கணக்கு. கணக்கு எழுதுவதற்கு என்று சில விதிகள் இருக்கின்றன. பி.காம். படிக்கிற நாம் அந்த விதிகளைப் பாடப் புத்தகத்தில் மூன்று வருடம் படிக்கிறோம். ஆனால் நம் நாளுக்கு அவற்றைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மளிகைச் சீட்டு சொல்லும் பாடம்

நான் பார்த்ததிலேயே உருப்படியான லிஸ்ட் எது என்று கேட்டால், மாதம் பிறந்ததும் என் அம்மா எழுதும் மளிகைச் சீட்டுதான் என்பேன். 'உளுந்து 1 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, கடுகு 100 கிராம், நல்லெண்ணெய் 1 லிட்டர்...' என்று போகும். அதில் 'நல்லா சமைக்கணும்' என்று ஒரு வரி கூட இருக்காது!

கொஞ்சம் கவனித்தால் அந்தச் சீட்டில் மூன்று விஷயங்கள் இருப்பது தெரியும். முதலாவது அளவு. வெறும் 'உளுந்து' என்று எழுதினால் கடை அண்ணாச்சிக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாது. இரண்டாவது பட்ஜெட். கையில் இருக்கும் பணத்துக்கு மேல் போனால் அம்மா முந்திரியை அடித்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுப்பார். மூன்றாவது இருப்பு. போன மாதம் வாங்கிய சீரகம் டப்பாவில் இன்னும் இருந்தால் இந்த மாதச் சீட்டில் சீரகம் இடம்பெறாது.

இப்போது நம் லிஸ்டுக்கு வருவோம். 'காஸ்டிங் படிக்கணும்' என்பதில் அளவு எங்கே? எத்தனை கணக்கு, எந்த யூனிட்? 'இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணணும்' என்ற வேலை எப்போது முடிந்ததாக அர்த்தம்? முடிந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாத ஒன்றை அடிக்கவும் முடியாது. அதற்குப் பதில் 'பிராசஸ் காஸ்டிங்கில் 5 கணக்கு' என்று எழுதிப் பாருங்கள். ஐந்தாவது கணக்கு முடிந்ததும் நிம்மதியாக ஒரு கோடு போட்டுவிடலாம்.

தலைக்குள் எழுதினால் போதாதா?

'எல்லாம் மனசுல இருக்கு' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1494ல் வெனிஸ் நகரில் லூக்கா பேசியோலி என்ற துறவி ஒரு கணிதப் புத்தகம் வெளியிட்டார். இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சான முதல் நூல் என்று நாம் ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்த அதே புத்தகம். ஒரு வியாபாரிக்கு மூன்று ஏடுகள் வேண்டும் என்கிறார் அவர். நடந்ததை எல்லாம் நடந்த உடனே கிறுக்கி வைக்க ஒன்று, அதை ஒழுங்குபடுத்தி எழுதக் குறிப்பேடு, பிறகு கணக்குவாரியாகப் பிரித்து எழுதப் பேரேடு. முதல் ஏட்டில் அழகு முக்கியமில்லை. எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் முக்கியம்.

நாம் இந்த முதல் ஏட்டையும் மூன்றாவது ஏட்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். தலைக்குள் வருவதை எல்லாம் கொட்டி வைக்க ஒரு தாள் வேண்டியதுதான். அதில் ஐம்பது வேலை இருந்தாலும் தப்பில்லை. ஆனால் 'இன்று' என்று தேதி போட்டு எழுதும் தாள் வேறு. முதல் தாளை அப்படியே இன்றைய லிஸ்ட் என்று நினைத்தால் காலையிலேயே மூச்சு முட்டிவிடும்.

எழுதி வைப்பதால் என்ன லாபம் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2011ல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. முடிக்காத வேலை ஒன்று மனதில் இருந்தால் அது வேறு வேலை செய்யும்போது குறுக்கே குறுக்கே வந்து தொந்தரவு செய்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்யப் போகிறோம் என்று திட்டமாக எழுதியவர்களுக்கு, வேலை இன்னும் முடியாமலே இருந்தும், அந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைந்துவிட்டது. வேலை முடிந்தால்தான் மனம் அடங்கும் என்றில்லை, திட்டம் இருந்தாலும் அடங்குகிறது. ஜிஎஸ்டி வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பிராஜெக்ட் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விமானமும் ஆபரேஷன் தியேட்டரும்

லிஸ்டின் பெருமை பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் போயிங் கம்பெனியின் மாடல் 299 விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. நிறுத்தி வைக்கும்போது போடும் ஒரு பூட்டை எடுத்துவிட மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதன் பிறகுதான் விமானிகளுக்குச் செக்லிஸ்ட் வந்தது. அந்த விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

அதே வழியில் உலக சுகாதார நிறுவனம் 2008ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் செக்லிஸ்ட் ஒன்றைக் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009ல் முடிவு வெளியானது. பிரமாதம்! ஆனால் பேச்சாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். 2014ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை வைத்து இதே செக்லிஸ்டைப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க அளவில் இறப்பு குறையவில்லை. தாள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதைப் படித்துக் காட்டி, நின்று கேட்டு, சரிபார்த்துச் செய்தார்களா, அல்லது சும்மா டிக் போட்டார்களா என்பதில்தான் வித்தியாசம் என்று பலரும் வாதிடுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செக்லிஸ்ட் என்பது மறக்கக் கூடாதவற்றின் பட்டியல். அதில் இருப்பதை எல்லாம் செய்தே ஆக வேண்டும். நாம் போடும் வேலை லிஸ்ட் அப்படி இல்லை. இருக்கிற நேரத்துக்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதற்கானது அது. ஹால் டிக்கெட், ஐடி கார்டு, கால்குலேட்டர், இரண்டு பேனா என்பது செக்லிஸ்ட். 'இன்று காஸ்டிங்கா, பிசினஸ் லாவா' என்பது தேர்வு. முதலாவதற்கு ஞாபகம் போதும், இரண்டாவதற்குக் கணக்கு வேண்டும்.

சரி, கணக்குப் போடுவோம்

முதல் ஷிப்ட் கல்லூரியில் படித்துவிட்டு மதியம் எங்காவது வேலைக்குப் போகும் ஒரு மாணவனின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வகுப்பில் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம்.

தூக்கம் 7 மணி நேரம்
கல்லூரி 5 மணி நேரம்
பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம்
குளியல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம்
பார்ட் டைம் வேலை 3 மணி நேரம்

மொத்தம் 20. மீதி 4 மணி நேரம். போன், அரட்டை, கரண்ட் கட், வீட்டுக்கு வரும் விருந்தாளி என்று ஒரு மணி நேரம் போகட்டும். கையில் நிற்பது 3.

இப்போது அவன் லிஸ்ட்: காஸ்டிங் 10 கணக்கு (இரண்டரை மணி நேரம்), அசைன்மென்ட் (2), சி.ஏ. ஃபவுண்டேஷன் எக்கனாமிக்ஸ் ஒரு சாப்டர் (2), இங்கிலீஷ் பேப்பர் படிப்பது (1), பிராஜெக்ட் (1), ஓட்டம் (அரை). கூட்டினால் 9 மணி நேரம்! மூன்று ரூபாயை வைத்துக்கொண்டு ஒன்பது ரூபாய்க்குச் சாமான் எழுதினால் எந்த அண்ணாச்சி தருவார்? ராத்திரி படுக்கும்போது இவன் தன்னைச் 'சோம்பேறி' என்று திட்டிக்கொள்கிறான். சோம்பல் அல்ல சார், கூட்டல் தப்பு.

அந்த 9 கூட நம்ப முடியாத எண்தான். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனிதர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லேயே எழுதிவிட்டார்கள். கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் 1994ல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள். 'எல்லாமே சொதப்பினால்?' என்று கேட்டதற்கு 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது படுமோசமான கணிப்பையும் தாண்டிவிட்டது. எனவே ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் என்று தோன்றினால் ஒன்றரை மணி நேரம் என்று எழுதுங்கள். எதிர்பார்க்கும் நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கு வைக்க வேண்டும் என்று நாம் படித்த முன்னெச்சரிக்கைக் கொள்கை இதுதான்.

அதற்காக நேரத்தை அளவில்லாமல் விட்டுவிடவும் கூடாது. கிடைக்கும் நேரம் முழுவதும் வேலை பரவிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955ல் எகனாமிஸ்ட் பத்திரிகையில் கிண்டலாக எழுதியது இன்று வரை பொருந்துகிறது. (அவர் அப்போது சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியர்!) 'ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது' என்று எழுதினால் இரண்டு பக்கமும் கட்டுப்படும்.

ஆறு வேலையும் ஏ.பி.சி. அனாலிசிஸும்

1918ல் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியின் சார்லஸ் ஷ்வாபுக்கு ஐவி லீ என்பவர் ஒரு யோசனை சொன்னார் என்று மேனேஜ்மென்ட் புத்தகங்களில் பிரபலமான கதை ஒன்று உண்டு. ராத்திரியே மறுநாளைக்கு ஆறே ஆறு வேலை எழுதி, முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, முதல் வேலை முடிந்தால்தான் இரண்டாவது என்று போக வேண்டும். இதற்கு ஷ்வாப் 25,000 டாலர் கொடுத்தார் என்பார்கள். நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது :)

என்னைக் கேட்டால் மாணவர்களுக்கு ஆறு கூட அதிகம், மூன்று போதும். எந்த மூன்று என்பதற்குக் காஸ்டிங்கில் படிக்கும் ஏ.பி.சி. அனாலிசிஸே வழி காட்டும். ஸ்டோரில் இருக்கும் ஆயிரம் பொருளில் எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கும் 'ஏ' பொருள்களில்தான் பணத்தின் பெரும்பகுதி முடங்கியிருக்கும். அவற்றை டைட்டாகக் கவனி, நட்டு போல்ட்டை எண்ணிக்கொண்டிருக்காதே என்பதுதானே பாடம்? நம் லிஸ்டில் நோட்டுக்கு அட்டை போடுவதும், ரெக்கார்டில் மார்ஜின் போடுவதும் 'சி' வகை. ஆனால் ஈசியாக அடிக்கலாம் என்பதால் அவற்றைத்தான் முதலில் செய்கிறோம். எட்டு வேலையை அடித்த திருப்தி கிடைக்கும், பரீட்சைக்கு வரும் கணக்கு அப்படியே இருக்கும்.

அடுத்தது எப்போது, எங்கே என்பது. ஜெர்மனியில் கோல்விட்சர், பிராண்ட்ஸ்டேட்டர் என்ற இருவர் 1997ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு அறிக்கை எழுதி அனுப்பச் சொன்னார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்பே குறித்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் கெடுவுக்குள் முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் முடித்தவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 'காஸ்டிங் 5 கணக்கு' என்பதோடு 'ராத்திரி 8 மணிக்கு, மொட்டை மாடியில்' என்று சேர்த்து எழுத இரண்டு நொடிதான் ஆகும்.

வாராக்கடனைப் போக்கெழுதுங்கள்

இருப்பைக் கீழிறக்குவது பேரேட்டில் நல்ல பழக்கம், வேலை லிஸ்டில் ஆபத்தான பழக்கம். நேற்று முடியாதது இன்றைக்கு, இன்று முடியாதது நாளைக்கு என்று தினமும் கீழிறக்கினால் ஒரு மாதத்தில் அந்த லிஸ்டைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

வரவே வராது என்று தெரிந்த கடனை ஒரு வியாபாரி என்ன செய்கிறார்? வாராக்கடன் என்று போக்கெழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். 'கிடார் கத்துக்கணும்' என்பது நான்கு வாரமாக உங்கள் லிஸ்டில் இருக்கிறதா? ஒன்று, இந்த வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இல்லை, ஒரு கோடு போட்டு எடுத்துவிடுங்கள். இந்த செமஸ்டரில் நடக்காது என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுவதில் எந்தத் தோல்வியும் இல்லை. செய்யாத ஒன்றைச் சொத்துப் பக்கத்தில் காட்டிக்கொண்டிருப்பதுதான் பொய்க் கணக்கு.

யாருடைய நேரம்?

இவ்வளவும் சொன்ன பிறகு மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாவிட்டால் நானும் அந்த மேடைப் பேச்சாளர்கள் வரிசையில் சேர்ந்துவிடுவேன். 'எல்லாருக்கும் 24 மணி நேரம்தான்' என்று அவர்கள் சொல்லும்போது கைதட்டல் பலமாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோழி. நன்றாகப் படிக்கக் கூடியவள். இன்டர்னலில் மார்க் குறைந்துகொண்டே வந்தது. 'உனக்கு டைம் மேனேஜ்மென்ட் இல்லை, லிஸ்ட் போடு' என்று எல்லோரும் அறிவுரை சொன்னார்கள். அவளும் போட்டாள். ஆனால் படிக்க வேண்டியதை மட்டும் எழுதாமல், காலை எழுந்தது முதல் ராத்திரி படுக்கும் வரை செய்வது அத்தனையையும் ஒரு வாரம் நேரத்தோடு எழுதினாள். தண்ணீர் பிடிப்பது, காலை டிபனுக்கு உதவி, பாத்திரம் கழுவுவது, பாட்டிக்கு மாத்திரை, மாலையில் மாவு அரைப்பது. கூட்டிப் பார்த்தால் தினமும் மூன்றரை மணி நேரம். அதே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு இதில் பதினைந்து நிமிடம் கூட இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. மத்திய அரசு 2019ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய மூன்று மடங்கு. 24 மணி நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் அதில் முன்கூட்டியே பிடித்தம் போய்விடுகிறது. பிடித்தம் போன பிறகு கைக்கு வரும் தொகையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

அந்த லிஸ்ட் அவளுக்கு நேரத்தை உண்டாக்கித் தரவில்லை. எந்த லிஸ்டும் தராது. ஆனால் அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். 'நீ இவ்ளோ செய்றியாடீ?' என்று அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். இப்போது தண்ணீர் பிடிப்பது தம்பி வேலை, ஞாயிறு பாத்திரம் அப்பா வேலை. முழுசாக மாறிவிடவில்லை. ஆனாலும் தினமும் ஒரு மணி நேரம் அவள் கைக்கு வந்திருக்கிறது. வாயால் சொன்னபோது 'சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு' என்று கேட்டவர்களுக்கு, எழுதிக் காட்டியபோது மறுக்க முடியவில்லை.

லிஸ்டின் பெரிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நிறைய வேலை செய்ய வைப்பது அப்புறம். நம் நேரம் எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று காட்டுவதுதான் முதல். அதைப் பார்த்த பிறகு திட்ட வேண்டியது நம்மையா, மாற்ற வேண்டியது வேறு எதையாவதா என்று நாமே முடிவு செய்யலாம்.

ஆகவே நண்பர்களே, இன்று ராத்திரி படுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளைக்குக் கையில் நிற்கும் நேரம் எவ்வளவு என்று முதலில் கூட்டுங்கள். பிறகு மூன்றே வேலை, ஒவ்வொன்றுக்கும் அளவு, நேரம், இடம். தோன்றும் நேரத்தை ஒன்றரையால் பெருக்குங்கள். மொத்தம் கையிருப்பைத் தாண்டினால் முந்திரியை அடிப்பது போல ஒன்றை அடியுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு முறை வாராக்கடனைப் போக்கெழுதுங்கள். வீட்டில் செய்யும் வேலையையும் மறக்காமல் எழுதுங்கள். வீட்டில் ஒன்றும் செய்யாதவர்கள், அந்த வரி ஏன் காலியாக இருக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

உங்கள் நாளைக் கூட்டிப் பார்த்தால் மீதி எவ்வளவு வருகிறது? வகுப்பில் பார்க்கும்போது சொல்லுங்கள்.

பி.கு.: இதற்கு விதவிதமாக ஆப் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எந்த ஆப் நல்லது என்று தேடுவதற்கே இரண்டு நாள் போய்விட்டால், அந்த இரண்டு நாளை 'சி' வகையில் எழுதிக்கொள்ளுங்கள். அம்மா மளிகைச் சீட்டை இன்னமும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறார் :)